இரண்டாம் வளைவுக் கண்ணாடி

எங்கள் ஸ்டாண்டில் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு ஆட்டோ ஓட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். பெண்களில் என்று சொல்லவில்லை, மொத்த ஸ்டாண்டிலும். இதை நான் அடக்கமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். "பி.எஸ்சி. படிச்சுட்டு ஆட்டோ ஓட்டிகினு கீறியேம்மா" என்று உச்சுக் கொட்டும் சவாரிகளிடம், "ஆங், அதனாலதான் நல்லா ஓட்டுறேன்" என்பேன். அதற்கு மேல் அவர்கள் பேசுவதில்லை.

வண்டி என் வீட்டுக்காரருடையது. அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்குதான். அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்ததும் ஆட்டோ வாசலில் சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்றார். நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, திருத்தணி மலை அடிவாரத்து ஸ்டாண்டில் போய் நின்றபோது பதினைந்து ஆண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஸ்டாண்டுத் தலைவரை எல்லோரும் நைனா என்போம். அவர், "மலை ரோடும்மா, வளைவுக்கு வளைவு உசுரு கையில" என்றார். "வளைவைப் பத்தி நான் படிச்சிருக்கேன் நைனா" என்றேன். சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை. கல்லூரியில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் ஒளியியல். வளைந்த கண்ணாடியில் பிம்பம் எங்கே விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்று கோடு போட்டுக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது.

கீழிருந்து ஏறும்போது வரும் இரண்டாவது வளைவில், சாலையின் வெளி ஓரத்தில், இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரித் தட்டையாக இல்லாமல் வயிறு புடைத்தாற்போல் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அதற்குக் குவி ஆடி என்று பெயர். பாறை மறைக்கிற மறுபக்கத்துச் சாலையை அது காட்டும். இறங்குகிறவர்கள் ஏறுகிற வண்டியையும், ஏறுகிறவர்கள் இறங்குகிற வண்டியையும் அதில் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் டீக்கடையில் பேச்சு வந்தது. அந்தக் கண்ணாடியில் வண்டிகள் எப்போதும் தூரத்தில் வருகிற மாதிரியே தெரிந்து ஏமாற்றுகிறது என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். நான் கடைக்காரரின் எவர்சில்வர் சொம்பை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"இதோட வயித்துல பாருங்க. இன்னா தெரியுது?"

"தெருவே தெரியுது. நான் குண்டூசி மாதிரி கீறேன்" என்றார் நைனா.

"தட்டைக் கண்ணாடின்னா உங்க மூஞ்சி மட்டும்தான் தெரியும். இது புடைச்சிகினு இருக்குதா, மேல விழுற வெளிச்சத்தை நாலா பக்கமும் விரிச்சு அனுப்பும். நம்ம கண்ணு இன்னா பண்ணும்? விரிஞ்சு வர்ற வெளிச்சத்தைப் பின்னாலயே நேர்கோட்டுல புடிச்சிகினு போயி, எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால ஒரு சின்ன இடத்துலேர்ந்து வர்ற மாதிரி நெனைச்சுக்கும். அங்கதான் பிம்பம். சின்னதா, நேரா, கண்ணாடிக்குப் பின்னால. சின்னதா தெரியுதேன்னு தூரத்துல இருக்குதுன்னு நெனைக்காதீங்க, வண்டி கிட்டக்கதான் இருக்கும்."

சொம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கரண்டியை எடுத்து உள்பக்கம் முகம் பார்த்து, "இதுல தலைகீழாத் தெரியுறேனே" என்று அலறினார். "அது குழி ஆடி. வெளிச்சத்தை விரிக்காது, ஒரு புள்ளியில குவிக்கும். உங்க ஹெட்லைட்டுக்குள்ள பல்புக்குப் பின்னால இருக்கிற கிண்ணமும் அந்த ஜாதிதான். குவியிற புள்ளியில பல்பை வெச்சா வெளிச்சம் நேரா முன்னால போவும்" என்றேன். அன்றையிலிருந்து ஸ்டாண்டில் எனக்கு டீச்சரம்மா என்று பேராகிவிட்டது. கிண்டலுக்கு வைத்த பேர்தான், ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நான்கு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்காத பொருள் இருக்காது. ஆட்டோ, தையல் மிஷின், இட்லிக் குண்டான், கம்ப்யூட்டர், கரும்பு லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாக வேண்டும். ஏ.டி.எம். மிஷினுக்குக்கூட யாராவது வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். போன பூஜைக்கு ஸ்டாண்டில் வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு. தினம் நம்ம உசுரைக் காப்பாத்துற வளைவுக் கண்ணாடிக்கு யாரு வெக்குறது? அது நம்ம ஆயுதம் இல்லையா?"

நைனாவுக்குக் கண் கலங்கியேவிட்டது. "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்யா" என்றார். ஐந்தாறு வண்டியில் எல்லோரும் மேலே போனோம். டீக்கடை ஸ்டூலைப் போட்டு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நின்று கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன். நட்ட நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை வட்டமாக அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தேன். கம்பத்துக்குச் சாமந்தி மாலை. கைதட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்தால் மலையையே நான்தான் தூக்கி வைத்ததாகத் தோன்றும்.

மறுநாள் விஜயதசமி. காலை ஏழு மணி இருக்கும். ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை, தரிசனம் முடிந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வளைவுக்குப் பதினைந்து இருபது அடி தூரம் முன்னால் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். சாலை காலி. காலி என்றால் யாராக இருந்தாலும் வளைவைக் கொஞ்சம் உள்ளே அறுத்துத் திரும்புவார்கள். நானும் அறுத்தேன். மூக்குக்கு நேரே ஒரு பால் வண்டி.

மலைமேல் சமையல்கட்டுக்குப் பால் கொண்டுபோகிற வேன் அது. இரண்டு பேரும் பிரேக்கை மிதித்தோம், ஆனாலும் மோதிவிட்டோம். என் முன்கண்ணாடி பொலபொலவென்று மடியில் கொட்டியது. அந்த அம்மாவுக்கு முன்கம்பியில் இடித்துக்கொண்டு உதடு கிழிந்தது. முருகன் புண்ணியத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேனின் பின்கதவு திறந்து இரண்டு கேன் உருண்டு, பால் சரிவு பார்த்து ஓடியது. கீழேயிருந்து நடந்து வந்துகொண்டிருந்த பக்தர்கள் சிலர் விவரம் தெரியாமல், "அரோகரா" என்று அந்தப் பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

வேன் டிரைவர் குதித்து இறங்கினார். மணவூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். "அக்கா, நான் என் சைடுல ஓரமா ஏறிகினு கீறேன். கண்ணாடி பார்க்காம திரும்புவீங்களா?"

"பார்த்தேன்! ரோடு காலியா இருந்துச்சு!"

"காலியா இருந்துச்சா? அப்ப நான் இன்னா, ஆகாசத்துலேர்ந்தா குதிச்சேன்?"

"வேகமா வந்திருப்பே!"

"பாலை வெச்சிகினு மலை ஏறுற வண்டி எங்கேர்ந்துக்கா வேகமா வரும்?"

பதில் இல்லாதபோது நான் சத்தம் போடுவேன். அன்றும் போட்டேன்.

போலீசுக்குப் போகாமல் பேசி முடிக்கலாம் என்று பால் கான்ட்ராக்டரும் நைனாவும் ஒத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் கறாரான மனிதர். "ஞாயித்துக்கெழமை நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க. என் ஆள் மேல தப்புன்னா அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார். அதுவரைக்கும் வேன் சாவியை டிரைவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். ஆகக்கூடி அந்த மணவூர்க்காரரின் வேலை எங்கள் ஸ்டாண்டு சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கியது.

அந்த வார்த்தை என்ன என்பது அன்று மாலையே முடிவாகிவிட்டது. "நம்ப பொண்ணு கண்ணாடி பார்க்காம திரும்பாது. வேன் கண்ணுமண்ணு தெரியாம வந்துச்சு, நாங்களே பார்த்தோம்னு சொல்லிடுவோம்" என்றார் நைனா. பதினைந்து பேரும் தலையாட்டினார்கள். மோதியபோது ஒருவர்கூட அந்த இடத்தில் இருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏற இறங்கப் பார்த்த அதே ஆண்கள் எனக்காக ஒரே குரலில் நிற்கிறார்கள் என்றால் சும்மாவா?

மறுநாள் அந்த வேன் பையனே ஸ்டாண்டுக்கு வந்தார். பையன் என்று சொல்லிவிட்டேன், எனக்குத் தம்பி வயது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, உங்க ஸ்டாண்டு ஆளுங்க யாரும் பார்க்கலை. அங்க இருந்தது நீங்களும் நானும்தான். நான் வேகமா வந்தேனான்னு நீங்களே மனசுல கைவெச்சு சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்குறேன்" என்றார்.

கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

மதியம் தனியாக அந்த வளைவுக்கு நடந்து போனேன். சாலை ஓரத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். கோயில் பஸ் ஒன்று கீழேயிருந்து வந்தது. எங்கேயோ தூரத்தில் வரும்போதே சின்னதாக, பளிச்சென்று கண்ணாடியில் தெரிந்தது. அப்புறம் ஒரு கார். அதுவும் தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கண்ணாடியில் ஒரு முழு வேன் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அப்படியானால் நான் பார்க்கவே இல்லையா? பார்த்ததாக நினைத்துக்கொண்டு அந்த அம்மாவோடு தெலுங்கில் வாயடித்துக்கொண்டே திரும்பிவிட்டேனா?

வீட்டில் பாவாவிடம் சொன்னேன். "கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடேன்" என்றார். பாவம், நல்லதற்குத்தான் சொன்னார். "என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை" என்று சீறிவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன். கேடு என் கண்ணில் இல்லையென்றால் என் வாயில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொய்க்காரி என்கிற பேரோடு நான் வண்டி ஓட்ட மாட்டேன். அதைவிட வண்டியை விற்றுவிடலாம்.

மறுநாள் காலை பீரோ கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வழக்கம்போல நாலைந்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கிடந்தது. பின்சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் கண்ணாடியில் தெரிந்தது, ஆனால் தேதி தெரியவில்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு. தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். தேதி பொட்டுக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வெளியே வந்தது. நேராக நின்றேன், மறுபடி ஒளிந்துகொண்டது.

சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது.

கல்லூரி ஆய்வகத்தில் இதைத்தானே நாளெல்லாம் செய்தோம்! கண்ணாடிக்கு முன்னால் ஒரு குண்டூசி, பின்னால் ஒரு குண்டூசி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். முன் ஊசியின் பிம்பமும் பின் ஊசியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் இரண்டும் வேறு வேறு தூரத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். விலகாமல் சேர்ந்தே நகர்ந்தால் பிம்பம் அந்த ஊசி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. பொட்டு கண்ணாடியின் மேல் இருக்கிறது. பிம்பமோ கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரு இடத்திலிருந்து பார்க்கிறவருக்குப் பொட்டு மறைப்பது, ஒரு எட்டுத் தள்ளி நிற்பவருக்கு மறைக்காது. நேற்று நான் பார்த்தது சாலை ஓரத்தில் நின்றுகொண்டு. வண்டி ஓட்டும்போது அங்கேயா உட்காருகிறேன்?

என் வண்டி பட்டறையில் இருந்தது. நைனாவின் ஆட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போய்த் திரும்பி இறங்கினேன். வளைவுக்கு முன்னால் வழக்கமாகக் கண்ணாடி பார்க்கிற இடத்தில் நிறுத்தி, டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பார்த்தேன். கண்ணாடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும். சுற்றிலும் காலிச் சாலை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காலியாகவே இருந்தது. திடீரென்று பொட்டின் விளிம்பிலிருந்து ஒரு கார் முளைத்து, அடுத்த மூச்சில் வளைவைத் தாண்டி என் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த வண்டிக்குத் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தேன். தூரத்திலேயே பொட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக வந்துகொண்டிருந்தது.

அந்தப் புடைத்த கண்ணாடி அவ்வளவு பெரிய சாலையை இத்துனூண்டாகச் சுருக்கிக் காட்டுகிறது. முப்பது மீட்டர் தூரத்தில் வருகிற வேன் அதில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரியும். நான் அப்பியது உள்ளங்கை அகலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒரு முழுப் பால் வண்டியைப் பொட்டில் மறைத்திருந்தேன்.

முதலில் வந்தது ஆனந்தம்தான். நான் பொய்க்காரி இல்லை! கண்ணாடி பார்த்தேன், சாலை காலியாகத்தான் தெரிந்தது! ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினேன். அப்புறம்தான் அந்தப் பொட்டை வைத்த கை யாருடையது என்பது உறைத்தது. வேறு யார் வைத்திருந்தாலும் மன்னிக்கலாம். அவர்களுக்குத் தெரியாது. சொம்பை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் குவி ஆடி பாடம் நடத்தியவள், அதன் நட்ட நடுவில் சந்தனத்தை அப்பிவிட்டுப் போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். ஐயோ முருகா, எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

நேரே நைனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் தெரியாதுல்ல? ஒரு குச்சியில ஈரத்துணியைச் சுத்தித் துடைச்சுட்டு வந்துடு. ஞாயித்துக்கெழமை நாங்க பேசிக்குறோம்."

"அந்த ஆளுக்கு வேலை போயிடும் நைனா."

"அவன் இன்னா நம்ப ஸ்டாண்டா? பால் வண்டி போனா கல்லு வண்டி ஓட்டுவான். நீ மலை லைன்ல ஓட்டணுமா வேணாவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்காகப் பொய் சொல்றதுக்குப் பதினைஞ்சு பேரு கீறீங்க. உண்மையைச் சொல்ல நான் ஒருத்தி போதும். நான் கண்ணாடி பார்த்துத்தான் திரும்பினேன். அதை நிரூபிச்சுக் காட்டாம துடைக்க மாட்டேன். அதுவரைக்கும் வளைவுல நானே நின்னு வர்ற வண்டிங்களுக்குக் கை காட்டுறேன்."

"நிரூபிச்சா உன் தலையிலதாம்மா விழும்."

"விழட்டும். என் தலைதானே?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அந்த வளைவுக்கே வரவழைத்தேன். பதினைந்து பேர், கான்ட்ராக்டர், அந்த மணவூர்க்காரர், அவருடைய நசுங்கின வேன். மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று மற்ற வண்டிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். வேன் கீழே போய் நின்றது. நான் கான்ட்ராக்டரைச் சாலை ஓரத்தில் நிற்கவைத்தேன். வேன் மெதுவாக ஏறி வந்தது.

"கண்ணாடியில வண்டி தெரியுதுங்களா?"

"பளிச்சுனு தெரியுதே. இதைப் பார்க்காமயா திரும்பினே?"

"இப்ப வண்டியில உக்காருங்க."

ஆட்டோவின் டிரைவர் சீட்டில் அவரை நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். வேன் மறுபடி கீழே போய்த் திரும்பி வந்தது.

"இன்னா தெரியுது?"

"ரோடு தெரியுது."

"ரோட்டுல?"

"ஒண்ணியும் இல்லை. இன்னும் வண்டியை எடுக்கலியா அவன்?"

"நல்லாப் பாருங்க."

"காலிதாம்மா. எத்தினி தடவை கேப்பே?"

அவர் வாயை மூடுவதற்குள் பொட்டின் ஓரத்திலிருந்து வேன் முளைத்தது. ஹாரன் அடித்தது. நின்றுகொண்டிருக்கிற ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் இரண்டு காலாலும் பிரேக்கைத் தேடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். நைனா இரண்டு முறை பார்த்தார். வேன் டிரைவரும் வந்து உட்கார்ந்தார். அவருடைய வேனை நைனா ஓட்டி வந்தார். தன் வண்டியே கண்ணாடியில் இல்லாமல் போவதை அவர் பார்த்தார். இறங்கி என்னிடம் வந்து, "அக்கா, நீங்க பொய் சொல்லலை" என்றார்.

"நீங்களும் சொல்லலை" என்றேன்.

கான்ட்ராக்டர் கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தார். "எந்த அறிவுகெட்டவன்யா கண்ணாடிக்கு நடுவுல பொட்டு வெச்சது?"

பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கைதட்டிய கைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள், அது எனக்குத் தெரியும்.

"நான்தான் வெச்சேன்" என்றேன். "அறிவு இருந்தும் வெச்சேன். இவரு மேல ஒரு தப்பும் இல்லை. கண்ணாடியில காலியா தெரிஞ்சாலும் நான் வளைவை அறுத்துத் திரும்பியிருக்கக் கூடாது. அதுவும் என் தப்புதான்."

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். குரல் நடுங்கவில்லை. இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பட்டம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

கான்ட்ராக்டர் நைனாவிடமிருந்து வேன் சாவியைக் கேட்டு வாங்கினார். அதை அந்த மணவூர்க்காரர் கையில் வைத்தார். "நாளைக்கு அஞ்சு மணிக்குப் பால் ஏத்தணும்" என்றார். அவ்வளவுதான். நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு ஏறி, என் கையாலேயே சந்தனத்தைச் சுரண்டிக் கண்ணாடியைக் கழுவினேன்.

நைனா தீர்ப்புச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு, எனக்காக மாற்ற முடியாது. ஒரு மாதம் மலை லைன் கிடையாது. ரயில்வே ஸ்டேஷனுக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் சமதரையில் மட்டும் ஓட்ட வேண்டும். "சரிங்க நைனா" என்று வாங்கிக்கொண்டேன். ஊரில் வாய் சும்மா இருக்குமா? "பொம்பளைக்கு மலை ரோடு ஆவுமா, அதான் இறக்கிட்டாங்க" என்று பேசினார்கள். சவாரிகள் அடிவாரத்தில் இறங்கி வேறு ஆட்டோவில் மாறி மேலே போவதைத் தினமும் பார்த்துக்கொண்டு நின்றேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, காலை மின்சார ரயிலில் அந்த மணவூர்க்காரர் வந்து இறங்கினார். கூட அவர் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. நேராக என் வண்டிக்கு வந்தார்.

"மலைக்குப் போவணும்க்கா. கொழந்தைக்கு முதல் மொட்டை."

"அடிவாரம் வரைக்கும்தான் நான் வருவேன். மேல வேற வண்டியில மாத்தி விடுறேன்."

"எப்பலேர்ந்து மேல வருவீங்க?"

தேதியைச் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அடுத்த ரயிலுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

நான் சொன்ன தேதியில் மலை அடிவாரத்து ஸ்டாண்டில், வரிசையில் என் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வர இன்னும் நாலு வண்டி இருந்தது. முன்னால் நின்றிருந்தவர், "ஏறுப்பா" என்றார். மணவூர்க்காரர் அசையவில்லை. நைனாதான் எழுந்து வந்தார்.

"ஏம்ப்பா, மலைக்கு ஏத்திகினு போவ உங்கிட்டயே வண்டி கீதே. வேன்ல வர்றதுதானே?"

"அது பால் கேன் ஏத்துற வண்டி நைனா. இது புள்ளை" என்றார் அவர். பின் சீட்டில் மனைவியை ஏற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். முன்னால் நின்ற நாலு வண்டியும் எனக்கு ஒதுங்கி வழி விட்டன.